எங்கள் திரையில் எது வேண்டும் என்பதை நாங்களே முடிவு செய்கிறோம்: பிரவுசர் செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

குரோம், சஃபாரி, எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ், சோஹோவின் உலா ஆகிய பிரவுசர்களை வடிவமைப்பவர்களுக்கு,

2025-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் குரோம் தன் பழைய எக்ஸ்டென்ஷன் முறையை, அதாவது பிரவுசரோடு நாமாகச் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்கள் இயங்கும் முறையை, முற்றிலுமாக நிறுத்தியது. யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானை விரும்பி நிறுவியிருந்த கோடிக்கணக்கானோருக்கு அது கிடைக்காமல் போனது. நிறுவியவர் அதை நீக்கவில்லை. உருவாக்கியவரும் கைவிடவில்லை. நடுவில் இருந்த பிரவுசர் முடிவெடுத்தது, அவ்வளவுதான்.

பாதுகாப்புக்காக என்று காரணம் சொன்னார்கள். அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் என்ற பெயரில் பாஸ்வேர்டு திருடியவர்களும் உண்டு. ஆனால் புதிய முறை என்ன செய்கிறது என்று பாருங்கள். முன்பெல்லாம் ஒரு பக்கம் எங்கிருந்து எதையெல்லாம் இழுக்கிறது என்பதை எக்ஸ்டென்ஷன் ஒவ்வொன்றாகப் பார்த்து, வேண்டாததை அங்கேயே நிறுத்தியது. இப்போது பார்க்கலாம், தானாக நிறுத்த முடியாது. எதை நிறுத்த வேண்டும் என்ற பட்டியலை முன்கூட்டியே பிரவுசரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். பட்டியல் எவ்வளவு நீளம் இருக்கலாம், அதில் எந்த மாதிரி விதிகள் செல்லுபடியாகும் என்பதையெல்லாம் பிரவுசர் நிறுவனமே வகுக்கிறது. குரோமைச் செய்யும் கூகுளின் வருமானத்தில் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்து வருகிறது. ஆபத்தை விளக்கிச் சொல்லி, 'அப்படியும் இது வேண்டுமா?' என்று பயனரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்த மடலுக்கே அவசியம் இருந்திருக்காது. கேட்கவில்லை.

நான் தென்காசிப் பக்கம் ஒரு சிற்றூரில் பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். ஆரம்பத்தில் மெயில் பார்க்கவும், பத்தாம் வகுப்பு ரிசல்ட் பார்க்கவும் பிள்ளைகள் வருவார்கள். இப்போது வருகிறவர்கள் வேறு. வருமானச் சான்றிதழ், கல்வி உதவித்தொகை, ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பது, வேலைக்கு விண்ணப்பம் போடுவது என்று ஊரின் பாதிக் காரியங்கள் இந்தத் திரைகள் வழியாகத்தான் நடக்கின்றன. வருகிறவர்களில் பெரும்பாலோர் உங்கள் செட்டிங்ஸ் பக்கத்தை ஒரு தடவைகூடத் திறந்து பார்த்திராதவர்கள். அவர்களுக்காக நீங்கள் என்ன தீர்மானித்து வைத்திருக்கிறீர்களோ, அதுதான் அவர்களுக்கு இன்டர்நெட். அதனால் வருகிற சங்கடங்கள் என் மேசைக்கு வந்து சேர்கின்றன.

நோட்டிஃபிகேஷனில் இருந்து தொடங்குகிறேன். அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா தன் போனை என் மேசையில் வைத்துவிட்டு, "தம்பி, இதுக்குள்ள யாரோ பூந்துட்டாங்க. ராத்திரியெல்லாம் சத்தம் போடுது, பேங்க் பணம் போயிருமோன்னு தூக்கமே இல்ல" என்றார். மேலிருந்து இழுத்துப் பார்த்தால் வரிசையாகச் சிவப்பு முக்கோணங்கள். 'உங்கள் போனில் வைரஸ்', 'உடனே சுத்தம் செய்யுங்கள்', ஆங்கிலத்தில் ஏதோ ஒரு பரிசு. ஒவ்வொன்றின் கீழும் பொடி எழுத்தில், வாயில் நுழையாத ஒரு தளத்தின் பெயர். யாரோ சொன்னார்கள் என்று வைரஸ் நீக்கும் ஆப் ஒன்றையும் அதற்குள் ஏற்றியிருந்தார். போனில் வைரஸ் எதுவும் இல்லை. எப்போதோ ராசிபலன் படிக்க ஒரு பக்கத்தைத் திறந்திருக்கிறார். 'நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட, அனுமதி என்பதைத் தொடுங்கள்' என்று எழுதி வைப்பது இந்த மாதிரித் தளங்களின் வழக்கம். அந்த நேரம் பார்த்து, 'இந்தத் தளம் அறிவிப்புகள் அனுப்பலாமா?' என்ற பிரவுசரின் கேள்வியும் மேலே வந்து நிற்கும். அவர் தொட்டுவிட்டார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கேள்வி பிரவுசர் கேட்பது, பின்னால் இருக்கிற வாசகம் தளம் எழுதியது என்ற வித்தியாசம் திரையில் எங்கே தெரிகிறது? அனுமதி கொடுக்க ஒரு தொடுதல் போதும். திரும்ப வாங்க வேண்டுமானால் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், தள அமைப்புகள், நோட்டிஃபிகேஷன், அப்புறம் வரிசையில் அந்த வாயில் நுழையாத பெயரைக் கண்டுபிடிப்பது என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். அந்த அம்மாவால் தனியாக இதைச் செய்ய முடியாது. அவர் வயதில் வரும் யாராலும் முடிவதில்லை.

இது உங்களுக்குத் தெரியாத விஷயமும் இல்லை. 2020 ஜனவரியிலேயே ஃபயர்ஃபாக்ஸ், பக்கம் திறந்த உடனே குதித்து வரும் இந்தக் கேள்வியை ஒரு சிறு ஐகானுக்குள் அடக்கியது. அடுத்த மாதமே குரோமும் அமைதியான ஒரு வடிவத்தைக் கொண்டுவந்தது. ஆண்ட்ராய்டு குரோமில் அறிவிப்பிலேயே ஒரே தொடுதலில் நிறுத்தும் பொத்தான் வந்தது. 2025 அக்டோபரில், பயனர் சீண்டிக்கூடப் பார்க்காத தளங்களின் அனுமதியைத் தானாகவே நீக்கப்போவதாகவும் குரோம் அறிவித்தது. எல்லாம் நல்ல காரியங்கள், மனமார வரவேற்கிறேன். ஆனால் நோய் தெரிந்த பிறகும் 'எந்தத் தளமும் என்னைக் கேட்கக்கூடாது' என்பதை ஏன் இயல்பு அமைப்பாக வைக்கவில்லை? வேண்டியவர் தேடிப்போய்த் திறந்துகொள்ளட்டுமே. வேண்டாதவர் தேடிப்போய் மூட வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

அடுத்தது, பொதுக் கணினி. ஒருவருக்கு ஒரு கணினி என்று வைத்துத்தான் எல்லாவற்றையும் வரைகிறீர்கள். என் கடையில் ஒரே நாற்காலியில் காலையிலிருந்து இரவு வரை ஆள் மாறிக்கொண்டே இருக்கும். மொபைல் எண் கட்டத்தில் ஒருவர் 9 என்று தட்டியதும், அதற்கு முன்னால் அங்கே உட்கார்ந்திருந்தவர்களின் எண்கள் வரிசையாக இறங்குகின்றன. பெயர் கட்டத்தில் முதல் எழுத்தைத் தட்டினால் அடுத்த தெருப் பெண்ணின் முழுப்பெயர், கீழே அவள் முகவரி. பாஸ்வேர்டு அடித்து முடித்ததும் 'சேமிக்கவா?' என்று ஒரு பெட்டி, அதில் சேமிக்கும் பொத்தான் மட்டும் பளிச்சென்று நீல நிறத்தில். படிவம் சரியாகப் போக இதையும் அழுத்த வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து அழுத்திவிடுகிறார்கள். நான் ஓடிப்போய் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பெண்ணின் போன் எண் இப்படிக் கசிந்தால் சிற்றூரில் அவளுக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மூடியதும் எதையும் மிச்சம் வைக்காத விருந்தினர் முறை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஒரு பட்டியலுக்குள் இன்னொரு பட்டியலாக. கணினியைப் போட்டதும் எப்போதும் அப்படியே திறக்க வேண்டுமென்றால், ஷார்ட்கட்டின் ப்ராப்பர்ட்டீஸில் போய் ஒரு சங்கேதச் சொல்லை ஒட்ட வேண்டும் அல்லது நிறுவனங்களுக்கான கொள்கைக் கோப்பை எழுத வேண்டும். நான் அதைக் கற்றுக்கொண்டேன். நூலகத்தில் இருக்கிற ஊழியரும் பள்ளிக் கணினி அறையைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியரும் எங்கே போய்க் கற்பார்கள்? 2018 செப்டம்பரில் வந்த குரோம் 69, ஜிமெயிலுக்குள் நுழைந்தவரைத் தனியாகக் கேட்காமலேயே பிரவுசருக்குள்ளும் நுழைத்துவிட்டது நினைவிருக்கும். எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த பதிப்பில் அதை அணைக்க ஒரு சுவிட்ச் வைத்தார்கள். முதலில் செய்துவிடுவது, யாராவது கத்தினால் ஒரு சுவிட்ச் வைப்பது, அதையும் உள்ளே எங்காவது வைப்பது. இந்த வரிசையைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

இன்னொன்று இருக்கிறது, அதை நினைத்தாலே எனக்கு ஆத்திரம் வரும். உதவித்தொகைக்கான ஒரு தளத்தில் வங்கிக் கணக்கு எண்ணை இரண்டு முறை கொடுக்க வேண்டும், பேஸ்ட் செய்ய முடியாதபடி கட்டத்தைப் பூட்டி வைத்திருந்தார்கள். கணக்கு எண் அந்த மாணவியின் வாட்ஸ்அப்பில் தெளிவாக இருந்தது. எடுத்து ஒட்டினால் ஒரு நொடி வேலை. முடியாமல், நீளமான எண்ணைப் பார்த்துப் பார்த்துத் தட்டினாள். நடுவில் வரிசையாக வந்த பூஜ்யங்களில் ஒன்று கூடிவிட்டது, இரண்டு கட்டத்திலும் அதே தவறு. அந்தப் பருவத்துக்கான பணம் திரும்பிப் போய், திருத்தி வாங்குவதற்குள் கல்லூரிக் கட்டணத்தின் கடைசித் தேதி தாண்டிவிட்டது. தவறைத் தடுக்கவென்று தளம் வைத்த தடைதான் தவறைக் கொண்டுவந்தது. பூட்டியது தளம் என்றாலும், அந்தப் பூட்டுக்குக் கட்டுப்பட்டது பிரவுசர். அவள் விசைப்பலகையில் அவள் அழுத்திய விசை, அவளுடைய தகவல். நடுவில் தளம் 'வேண்டாம்' என்றால் பிரவுசர் யார் பேச்சைக் கேட்க வேண்டும்? ஃபயர்ஃபாக்ஸில் இதற்கு ஒரு சுவிட்ச் உண்டு, எச்சரிக்கைப் பலகையைத் தாண்டி உள்ளே போய், புள்ளி வைத்த நீண்ட ஆங்கிலப் பெயரைத் தெரிந்து தேடினால் கிடைக்கும். தெரிந்தவர் எத்தனை பேர்?

எழுத்தின் அளவிலும் இதே கதைதான். பல தளங்கள் போனில் இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்குவதைத் தடுத்து வைக்கின்றன. ஆப்பிள் 2016-இல், ஐபோனுக்கான ஐஓஎஸ் 10-இல் அந்தத் தடையை மதிப்பதில்லை என்று முடிவு செய்தது. தளம் என்ன சொன்னாலும் பயனர் பெரிதாக்கலாம். உலகம் இடிந்து விழவில்லை. ஆண்ட்ராய்டு குரோமில் அது இன்றும் அணுகல்தன்மைப் பகுதிக்குள் ஒரு தேர்வாக இருக்கிறது. தமிழ் படிப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆங்கில எழுத்துக்குப் போதுமான அளவில் தமிழை வைத்தால் மெய்யெழுத்தின் புள்ளி மங்கிப்போகும், கொம்பும் சுழியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கண்புரை அறுவை செய்தவர்கள் திரையை மூக்குவரை கொண்டுபோய்ப் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தமிழுக்கென்று தனியாகக் குறைந்தபட்ச எழுத்தளவு வைக்கும் வசதி கணினி ஃபயர்ஃபாக்ஸில் இருக்கிறது. அதை வடிவமைத்தவர்களுக்கு என் நன்றி. அதை ஏன் மற்றவர்கள் செய்யவில்லை, ஏன் அதுவும் இரண்டு மூன்று படி உள்ளே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

பழைய ஆட்களுக்கு ஒன்று நினைவிருக்கும். 1999-இல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்து தமிழ் எழுத்துகளைக் கணினியில் குறிக்க டாம், டாப் என்ற குறியீடுகள் வந்தன. இணையத்தில் திஸ்கி என்ற இன்னொரு குறியீட்டில் எழுதியவர்கள் ஏராளம். அந்தப் பக்கங்களைத் திறந்தால் முதலில் வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும். எழுத்துருவை இறக்கி நிறுவி, பிரவுசரின் வியூ மெனுவில் என்கோடிங் போய், 'யூசர் டிஃபைன்ட்' என்று வைத்து, இந்த எழுத்துருவில் காட்டு என்று சொன்னால் தமிழ் வரும். என் கடையில் பள்ளிப் பிள்ளைகள்கூட அதைச் செய்தார்கள். சிரமம்தான், யூனிகோடு வந்து அந்தச் சிரமத்தைப் போக்கியது நல்லதுதான். ஆனால் பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்று படிப்பவர் சொல்லலாம், பிரவுசர் கேட்டுக்கொள்ளும் என்ற ஏற்பாடு அன்று மெனுவிலேயே இருந்தது. குரோம் அந்த என்கோடிங் மெனுவை எடுத்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2021-இல் அதைச் சுருக்கி, 'சரிசெய்' என்ற ஒரே பொத்தானாக்கியது. இன்னும் யூனிகோடுக்கு மாற்றப்படாமல் கிடக்கும் பழைய தமிழ்ப் பக்கங்களை இந்த இரண்டிலும் திறந்தால், அந்த மெனு வழியாகப் படிக்க இப்போது முடியாது.

இந்த ஏற்பாடு இணையத்தின் அடித்தளத்திலேயே இருந்தது. 1994-இல் ஹோகன் வியூம் லீ, பக்கத்தின் எழுத்து, நிறம், அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் மொழியான சிஎஸ்எஸ்-க்கான முதல் முன்மொழிவை எழுதியபோது, பக்கத்தின் தோற்றத்தில் எழுதியவரின் விருப்பம் எவ்வளவு, படிப்பவரின் விருப்பம் எவ்வளவு என்று சதவீதமாகவே பிரித்துப் பார்த்தார். சதவீதம் பிறகு போய்விட்டது என்றாலும், முக்கியம் என்று குறித்துப் படிப்பவர் எழுதும் விதி, தளத்தின் விதியை வெல்லும் என்பது 1998-இல் வந்த சிஎஸ்எஸ் 2-இலிருந்து இன்றுவரை விதிப்புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. அந்த விதியை எழுதும் இடம்தான் சுருங்கிப்போனது. குரோம் 2014-இல் பயனரின் சிஎஸ்எஸ் கோப்பை எடுத்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2019-இல் அதை அணைத்து வைத்து, வேண்டுமானால் உள்ளே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள் என்றது. 2018 இறுதியில் தளங்களின் புதிய பதிவுகளைத் தொகுத்துத் தரும் ஆர்எஸ்எஸ் ஓடையைப் பிரவுசருக்குள்ளேயே படிக்கும் வசதியும் ஃபயர்ஃபாக்ஸில் இருந்து போனது. ஒவ்வொரு தடவையும் நீங்கள் சொல்வது, 'குறைந்த பேர்தான் பயன்படுத்துகிறார்கள்'. நாலு படி உள்ளே ஒளித்து வைத்ததை அதிகம் பேர் எப்படிப் பயன்படுத்துவார்கள்?

இயல்பு அமைப்பை யாரும் மாற்ற மாட்டார்கள் என்பது உங்களுக்கு நன்றாகவே தெரியும். கூகுளின் தேடல் ஆதிக்கத்துக்கு எதிராக அமெரிக்க நீதிமன்றத்தில் நடந்த வழக்கில் வெளிவந்த கணக்குப்படி, 2021-இல் மட்டும் போன்களிலும் பிரவுசர்களிலும் தன் தேடலே இயல்பாக இருப்பதற்காகக் கூகுள் கொடுத்தது 2,600 கோடி டாலருக்கு மேல். ஃபயர்ஃபாக்ஸைச் செய்யும் மொசில்லாவின் வருமானத்திலும் பெரும்பகுதி இப்படி வருவதுதான். மாற்றும் வசதி எல்லோருக்கும் இருக்கிறது, மாற்ற மாட்டார்கள் என்ற நம்பிக்கைக்குத்தான் இவ்வளவு பணம். ஆகவே 'செட்டிங்ஸில் இருக்கிறதே' என்ற பதிலை இனி என்னால் ஏற்க முடியாது.

நீங்கள் கேட்கவே மாட்டீர்கள் என்றும் நான் நினைக்கவில்லை. முகவரிப் பட்டையில் முழு முகவரியையும் மறைத்துத் தளப்பெயரை மட்டும் காட்டும் சோதனையைக் குரோம் 2020-இல் செய்து பார்த்தது. 2021-இல் கைவிட்டது. ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸ் 2020-இல் ஒரு சிலவற்றைத் தவிர எல்லா எக்ஸ்டென்ஷன்களுக்கும் கதவை மூடியது. 2023 டிசம்பரில் மறுபடி திறந்தது. இணையத்தின் கட்டமைப்பைக் கவனிக்கும் இணையக் கட்டமைப்பு வாரியம் 2020-இல் வெளியிட்ட ஆர்எஃப்சி 8890 என்ற ஆவணத்தின் தலைப்பே, இணையம் இறுதிப் பயனர்களுக்கானது என்பதுதான். இணையப் பக்கங்கள் எழுதப்படும் மொழியான எச்டிஎம்எல்-இன் வடிவமைப்புக் கொள்கையிலும், முரண்பாடு வந்தால் முதலில் பயனர், அடுத்து பக்கம் எழுதுபவர், அதற்கும் பிறகுதான் பிரவுசர் செய்பவர் என்று இருக்கிறது. வரிசையை எழுதி வைத்தது உங்கள் துறையே.

எனவே நான் கேட்பது இவை.

தளம் கேட்கும் எந்த அனுமதியும் பயனராகப் போய்த் திறக்கும்வரை மூடியே இருக்கட்டும். கொடுத்த அனுமதியை, கொடுத்த அதே இடத்தில் ஒரே தொடுதலில் திரும்ப வாங்க வழி வேண்டும். பிரவுசர் பேசுவதும் தளம் பேசுவதும் ஒன்றுபோலத் தெரியாதபடி, தளம் போலி செய்ய முடியாத ஓர் இடத்திலிருந்து கேள்வியைக் கேளுங்கள்.

காப்பி, பேஸ்ட், வலது சொடுக்கு, எழுத்தைப் பெரிதாக்குவது, பின்னால் போகும் பொத்தான், வீடியோவை நிறுத்துவது ஆகிய இவற்றில் எந்தத் தளமும் கைவைக்க முடியாதபடி செய்யுங்கள். வரைபடம், விளையாட்டு போல நியாயமான தேவை உள்ள தளங்கள் இருக்கும். அவற்றுக்குப் பயனர் விலக்குக் கொடுக்கட்டும். முகவரிப் பட்டைக்குப் பக்கத்திலேயே, 'இந்தத் தளத்தில் என் விருப்பப்படி காட்டு' என்று ஒரு பொத்தான் வையுங்கள். குறைந்தபட்ச எழுத்தளவு, எழுத்துரு, நிறம், அசைவுகளை நிறுத்துவது எல்லாம் அதற்குள் வரட்டும். போனிலும் வரட்டும். தமிழுக்கும் மற்ற இந்திய மொழிகளுக்கும் தனித்தனி அளவோடு வரட்டும். பயனரின் சொந்த சிஎஸ்எஸ்-க்கு இடம் திரும்பி வர வேண்டும்.

நிறுவும்போதே 'இது பலர் பயன்படுத்தும் கணினியா?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஆம் என்றால் எதையும் சேமிக்காதீர்கள், சேமிக்கவா என்றும் கேட்காதீர்கள், ஜன்னலை மூடியதும் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள்.

எந்த எக்ஸ்டென்ஷனை வைத்துக்கொள்வது என்பதில் எச்சரிப்பது உங்கள் கடமை, தீர்மானிப்பது எங்கள் உரிமை. வேண்டாததைத் தடுக்கும் பழைய ஆற்றலைத் தெளிவான எச்சரிக்கையோடு திருப்பிக் கொடுங்கள். ஆண்ட்ராய்டு போனில் எக்ஸ்டென்ஷன்களே இல்லாத பிரவுசர்கள் அவற்றைக் கொண்டுவர வேண்டும். எங்கள் ஊரில் இன்டர்நெட் என்பதே போன்தான்.

சோஹோவுக்குத் தனியாக ஒன்று. இந்திய பிரவுசருக்காக மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் நடத்திய போட்டியில் 2025 மார்ச்சில் முதல் பரிசு உங்களுக்குக் கிடைத்தது. உலாவும், குரோமுக்கு அடித்தளமான குரோமியம் என்ற திறந்த நிரலின் மேல் கட்டியதுதான் என்பதால், அங்கே எடுக்கப்படும் முடிவுகள் இங்கேயும் வந்துசேரும். மேலே சொன்னவற்றில் பலவற்றுக்கு அடித்தளத்தைத் தொட வேண்டியதே இல்லை, இயல்பு அமைப்பை மாற்றினால் போதும். நீங்கள் முதலில் செய்யுங்கள். செய்து பார்த்து, கிடைத்த அனுபவத்தைக் குரோமியத்துக்கும் கொண்டுபோங்கள். அமைச்சகமும் இனி இப்படியொரு போட்டி வைத்தால், பயனர் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதற்கும் மதிப்பெண் வைக்கட்டும். அரசுத் தளங்கள் பேஸ்டைப் பூட்டுவதையும் எழுத்தைப் பெரிதாக்க விடாமல் செய்வதையும் ஓர் ஆணை போட்டு நிறுத்தட்டும்.

கடைசியாக, ஒரு வசதியை எடுக்கும் முன் குறைந்தது ஓராண்டு முன்னதாக, பிரவுசரைத் திறந்ததும் கண்ணில் படும் இடத்தில் அறிவியுங்கள். எதை எடுக்கிறீர்கள், ஏன் எடுக்கிறீர்கள், அதற்குப் பதில் என்ன, ஆட்சேபணையை எங்கே சொல்வது என்ற நான்கையும் தமிழில் எழுதுங்கள். என் கடைக்கு வருகிறவர்களுக்கு நான் படித்துக் காட்டி, அவர்கள் சொல்வதை எழுதி உங்களுக்கு அனுப்புகிறேன்.